நெட்டைக்குக் கால் குட்டையான கதை

நாய்க்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், குட்டைக்கால் நாய் என்று ஒன்று கிடையாது. எல்லாம் கன்றுக்குட்டி உயரம். அதிலும் சங்கிலிமாடன் வளர்த்த நெட்டைக்குக் கால் அத்தனை நீளம். அந்தக் கால்களைப் பற்றி அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சேற்றைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போகும்.

சங்கிலிமாடன் ஊர்க் குளத்துக்கு நீர்க்கட்டி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் கரையைக் காப்பதும் அவன் வேலை. ஓர் ஐப்பசியில் விடாமல் மழை பெய்து குளம் நிரம்பி நின்றபோது, கரையின் வெளிச்சரிவில் ஒரு பெருச்சாளி வளையிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்த்தான். கரை உடைந்தால் கீழே இருக்கும் நாற்பது வீடும் மிஞ்சாது.

வளையில் மண்ணைப் போட்டு மிதித்தான். சற்று நேரத்தில் பெருச்சாளி உள்ளிருந்து தள்ளிவிட்டது. மறுபடி அடைத்தான், மறுபடி தள்ளியது.

"உம்ம வேலைய நீரு பாரும், என் வேலைய நான் பாக்கேன்" என்று உள்ளிருந்து பெருச்சாளியின் குரல் வந்தது.

நெட்டைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, நான் உள்ள போயி அவனை முடிச்சிட்டு வாரேன்."

"உன் காலுக்கு அந்த வளை காணாதுலே."

"மடக்கிக்கிட்டுப் போறேன்."

"சரி, நான் கூப்பிடுதப்போ குரல் குடு. குரல் வாற வரைக்கும் அடைக்க மாட்டேன்."

நெட்டை கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு நுழைந்தது. உள்ளே உறுமலும் கீச்சலும் கேட்டன, பிறகு அவையும் நின்றன. அதுவரை தெளிவாகக் கசிந்த தண்ணீர் கலங்கலாக வர ஆரம்பித்தது. கலங்கல் வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அதன் பிறகு எந்த நீர்க்கட்டியும் காத்திருக்க மாட்டான்.

"நெட்டை" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான், மழைச் சத்தம்தான் கேட்டது. மூன்றாவது முறை வளைக்குள்ளேயே வாயை வைத்துக் கூப்பிட்டான். அதற்கும் ஒன்றும் வரவில்லை. வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து, அழுதுகொண்டே மிதித்து அடைத்தான். கரை நின்றது. அவனுக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. கரையின் உச்சியில் மண் பிளந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. சங்கிலிமாடன் ஓடிப்போய்க் கையாலேயே தோண்டி எடுத்தான். மடங்கிய கால்கள் மடங்கியபடியே தேய்ந்து சாண் உயரமாகியிருந்தன. நெரிசலில் உடம்பு நீண்டுவிட்டது. ஈரக் களிமண் கனத்துக் காதுகள் தொங்கிவிட்டன. தோண்டித் தோண்டி முன்பாதங்கள் மட்டும் அகப்பை மாதிரி அகன்றிருந்தன.

"பெருச்சாளி?"

"முடிஞ்சான்."

"மூணு தடவ கூப்பிட்டேன்லே. நீ குரலே குடுக்கல."

"மூணு தடவையும் குடுத்தேன். உமக்குக் கேக்கல. உம்ம குரல் எனக்கு நல்லாவே கேட்டுது."

"தண்ணி கலங்கி வந்துட்டுலே. ஊரப் பாக்கவா, உன்னையப் பாக்கவா?"

"ஊரத்தான் பாக்கணும். அதுல நான் குத்தம் சொல்லல." நெட்டை தன் புதுக் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டது. "ஆனா இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கலாம், அண்ணாச்சி."

சங்கிலிமாடன் அதைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நெட்டை அவனை விட்டுப் போகவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, அவன் போர்வைக்குள் புகுந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் நெட்டை வழிவந்த குட்டைக்கால் நாய்கள் வளையைக் கண்டால் விடாமல் தோண்டுகின்றன, தம்மைவிடப் பெரியதோடும் மல்லுக்கு நிற்கின்றன. கூப்பிட்டால் மட்டும் உடனே வருவதில்லை. பிடிவாதம் பிடித்தவை என்று வளர்ப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். காது நன்றாகவே கேட்கிறது. கூப்பிட்டவன் நான்காவது முறையும் கூப்பிடுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வருகின்றன.