உள்ளான் அலைக்குச் சொன்ன சேதி

அந்தக் காலத்தில், பறவையும் நண்டும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த நாளில், கடலலைகள் ஓர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஆறு அலை சிறியது, ஏழாவது பெரியது. மறுபடி ஆறு சிறியது, ஏழாவது பெரியது. ஈரம் எதுவரை ஏறும் என்று நண்டுகளுக்குத் தெரியும். அதற்கு ஒரு விரற்கடை மேலே வளை தோண்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும்.

புன்னைத்துறை என்ற கரையூரில் தைலம்மை என்றொருத்தி இருந்தாள். கன்னார் வீட்டுப் பெண். வெண்கலம் உருக்கி வார்ப்பதில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் புருஷன் சேந்தன் தோணிக்காரன். உப்பும் மண்பாண்டமும் ஏற்றிக்கொண்டு கிழக்குத் தீவுகளுக்குப் போவான். கிராம்பும் கற்பூரமும் கொண்டு வருவான். போனால் ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும்.

கல்யாணமான முதல் வருஷம் தைலம்மை தினமும் கரைக்குப் போய் நின்றாள். வெயிலில் கண் பூத்துப்போகும். தூரத்தில் ஏதாவது பாய் தெரிந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கிட்டே வந்தால் அது வேறு யாருடைய தோணியாகவோ இருக்கும். அந்தப் படபடப்பைத் தாங்க முடியாமல்தான் அவள், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் ஒரு பொறி செய்ய உட்கார்ந்தாள்.

மூன்று வருஷம் செய்தாள். கடலிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, ஏறி வரும் அலை சுற்றுகிற மாதிரி ஒரு பெரிய சக்கரம் வைத்தாள். அதன் பல்லில் மாட்டி இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று நூற்றுச் சொச்சம் சக்கரங்கள். காற்றுக்கு ஒன்று, நிலவுக்கு ஒன்று, மீன் போகிற போக்குக்கு ஒன்று. கடல் தவறாததால் சக்கரங்களும் தவறவில்லை. பொறி கேட்டதற்கெல்லாம் வாய் திறந்து பதில் சொன்னது.

"மச்சான் எப்ப வருவாங்க?" என்று தைலம்மை கேட்டாள்.

"இருபத்து மூன்றாம் நாள். பொழுது சாய ஐந்து நாழிகை இருக்கும்போது, அம்மா" என்றது. அவளே செய்தவள் என்பதால் அவளை அம்மா என்றுதான் கூப்பிடும்.

அதே நாளில், அதே நேரத்தில் சேந்தன் வந்து இறங்கினான்.

ஊர் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அப்புறம் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. "நாளை நீ கூரை வேய்வாய்" என்று பொறி சொன்னால் மறுநாள் கூரை வேய்ந்தார்கள். மாற்றிச் செய்து பார்ப்போமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சொன்னபடி நடந்துகொள்வது சுகமாக இருந்தது.

தைலம்மையும் கரைக்குப் போவதை விட்டுவிட்டாள். சேந்தன் வருகிற நாளில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அவன் வாசலில் கால் வைப்பதற்கும் அவள் இலை போடுவதற்கும் சரியாக இருக்கும். ஒருமுறை சாப்பிடும்போது அவன் சொன்னான்:

"முன்னெல்லாம் கரை தெரியிறதுக்கு முன்னாடியே உன்னைத் தேடுவேன், தைலு. ஒரு புள்ளி மாதிரி நிப்பே."

"நீங்க வர்ற நேரம்தான் தெரியுமே மச்சான். சோறு சூடா இருக்க வேண்டாமா?"

"சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் தலைகுனிந்து சாப்பிட்டான். அவளுக்கு உள்ளே எதுவோ சுருக்கென்றது. அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அடுத்த பயணம் அவன் கிளம்பிப் பத்து நாள் இருக்கும். எப்போது திரும்புவான் என்று தைலம்மை வழக்கம்போலக் கேட்டாள்.

"வரமாட்டார், அம்மா. இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் தோணி இரட்டைப் பாறைக்கு நடுவே நுழையும். அப்போது வருவது ஏழாவது அலை. அது தோணியைப் பாறையில் மோதிவிடும்."

"மாத்த முடியாதா?"

"அலையின் ஓட்டத்தை யார் மாற்றுவது?"

அவள் கடற்கரைக்கு ஓடினாள். எத்தனையோ வருஷம் கழித்து வருகிறாள். மணல்கூட அந்நியமாக இருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஓர் உள்ளான் குருவி நின்ற இடத்திலேயே நின்று பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து உள்ளான் ஓடாது. அலை எதுவரை வரும் என்று தெரிந்த பறவை எதற்கு ஓட வேண்டும்?

"என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?" என்று உள்ளான் கேட்டது. அவள் அழுதுகொண்டே சொன்னாள். உள்ளான் முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் பொறியை நான் ஒரு கேள்வி கேக்கணும், வா" என்றது.

பொறியின் முன்னால் போய் அது ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "இப்ப நான் பறந்து வலப்பக்கம் உட்காருவேனா, இடப்பக்கம் உட்காருவேனா? சொல்லு."

"வலப்பக்கம்" என்றது பொறி.

உள்ளான் பறந்துபோய் இடப்பக்கம் உட்கார்ந்தது.

பொறிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. "இன்னொரு தடவை" என்றது. இந்த முறை "இடப்பக்கம்" என்று சொன்னது. உள்ளான் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு இறகைக் கோதியது.

தைலம்மை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தன் பொறி தப்பாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"நீ எங்கே உட்காருவாய் என்று எனக்குத் தெரியும்" என்றது பொறி, கொஞ்சம் ரோஷத்தோடு. "சொல்லாமல் வைத்திருந்தால் சரியாகத்தான் இருக்கும். உன் காதில் விழுந்ததும் நீ மாற்றிவிடுகிறாய்."

"அப்ப அலை மட்டும் ஏன் மாத்தல?"

"அலையிடம் யார் போய்ச் சொன்னார்கள்?"

உள்ளான் தைலம்மையைத் திரும்பிப் பார்த்தது. "அக்கா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"அம்மா, அவசரப்படாதே" என்றது பொறி. முதல்முறையாக அதன் குரல் தாழ்ந்தது. "அலைகளுக்குத் தங்கள் வரவு தெரிந்துவிட்டால் அவை ஒழுங்காக வராது. அவற்றை நம்பித்தான் நான் சுழல்கிறேன். பிறகு என்னால் எதுவும் சொல்ல முடியாது. அவர் பிழைத்தாலும் உனக்குத் தெரியாது, பிழைக்காவிட்டாலும் தெரியாது. எத்தனை நாள் என்று தெரியாமல் நிற்க வேண்டும். அதைத் தாங்க முடியாமல்தானே என்னைச் செய்தாய்?"

தைலம்மை பெரிய சக்கரத்தின் மேல் கை வைத்தாள். மூன்று வருஷ உழைப்பு. ஒவ்வொரு பல்லையும் அவளே அரத்தால் ராவியது.

"நின்னுட்டுப் போறேன்" என்றாள் கடைசியில். "போய்ச் சொல்லு, தங்கச்சி."

உள்ளான் தண்ணீர் ஓரத்துக்குப் பறந்தது. வந்த அலையிடம் குனிந்து, "நீ முதல் அலை. இந்தக் கிளிஞ்சல் வரைக்கும்தான் வருவே" என்றது. அலை ஒரு கணம் தயங்கி, கிளிஞ்சலைத் தொடாமலே திரும்பியது. "நீ ரெண்டாவது. நீயும் சின்னவதான்" என்றது அடுத்ததிடம். அதுவோ சீறிக்கொண்டு மேலேறி உள்ளானின் வயிறு வரை நனைத்தது. உள்ளான் துள்ளிப் பின்னால் ஓடியது. தண்ணீர் வடிந்ததும் மறுபடி முன்னால் ஓடியது. திரும்பிய அலைகள் சேதியைப் பின்னால் வந்தவற்றிடம் சொல்லின. அவை அதற்கும் பின்னால் இருந்தவற்றிடம் சொல்லின. பொழுது சாய்வதற்குள் கடலில் ஓர் அலைபோல் இன்னொன்று இல்லை. நண்டுகள் வளைக்குள் தண்ணீர் புகுந்து திட்டிக்கொண்டே வெளியே வந்தன. வாய்க்காலில் பெரிய சக்கரம் ஒரு சுற்று வேகமாகச் சுற்றியது, அரைச்சுற்று பின்னால் போனது, பிறகு நின்றுவிட்டது. "அம்மா" என்று பொறி ஒருமுறை கூப்பிட்டது. அதுதான் அதன் கடைசிப் பேச்சு.

பன்னிரண்டாம் நாள் உச்சிப்பொழுது வந்து போனது. கடலில் ஒன்றும் தெரியவில்லை. ஊரார் சிலர் ஏசினார்கள், சிலர் பரிதாபப்பட்டார்கள். நாளைக்கு மழையா என்று தெரியாமல் கருவாடு காயவைக்கப் பயந்தார்கள். தைலம்மை கரையில் நின்றாள். இருபது நாள் போனது. நாற்பது நாள் போனது.

ஒரு காலையில், நீலத்துக்கும் நீலத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு பாய் தெரிந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனை வருஷமாயிற்று இப்படி அடித்து என்று நினைத்தாள். தோணி கிட்டே வந்தது. பாய்மரம் முறிந்து, மூங்கில் வைத்துக் கட்டியிருந்தது. தோணியின் முன்முனையில், அணியத்தில் நின்றவன் இளைத்துக் கறுத்திருந்தான். அவன் சேந்தன்தான்.

"பாறைக்கு நடுவுல மாட்டிக்கிட்டோம்" என்றான் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி. "எங்கிருந்தோ ஒரு அலை, அந்த மாதிரி அலையைப் பார்த்ததே இல்லை தைலு, தோணியை அப்படியே தூக்கி அந்தாண்டை போட்டுச்சு." அன்றைக்கு வீட்டில் உலைகூட வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவன் கடலுக்குப் போனான். கடல்காரன் வேறெங்கே போவான்? பல தடவை போய்ப் பல தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் நின்றாள். தலை பாதி நரைத்த பிறகு ஒரு தடவை போனான், அந்தத் தடவை அவன் வரவில்லை. உடைந்த பலகை எதுவும் ஒதுங்கவில்லை, கண்டவர் என்று யாரும் சொல்லவில்லை.

"தங்கச்சி, அதுங்ககிட்ட நீதானே பேசினே? கொஞ்சம் கேட்டுப் பாரேன்" என்றாள் தைலம்மை.

உள்ளான் ஓடிப்போய், திரும்பும் அலையிடம், "எங்க மச்சானைப் பார்த்தியா?" என்று கேட்டது. அலை ஏதோ சொல்லத் தொடங்கியது. அது சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. உள்ளான் பின்னால் ஓடி, அது திரும்பும்போது மறுபடி முன்னால் ஓடியது.

உள்ளான் சேதி சொன்ன அன்று முதல்தான் ஓர் அலை போல் இன்னோர் அலை வருவதில்லை. சேந்தனைக் கேட்ட அன்று முதல்தான் உள்ளான் ஓடுகிறது: வரும் அலைக்குப் பயந்து கரைக்கும், போகும் அலையைக் கேட்கக் கடலுக்குமாக, நாள் முழுக்க.