ஒரு டம்ளர் கியர் ஆயில்

தோட்ட டிராக்டரின் கியர் உடைந்தால் குற்றவாளி யார்? ஓட்டியவரா, வைத்திருந்தவரா? இல்லை, பட்டறையில் அதற்குப் பல் வெட்டிக் கொடுத்தவள்தான்! என்ன நியாயமோ!

விவசாயிகள் சங்கத் தலைவர் சென்னியப்பன் தன் பழைய டிராக்டரைப் பட்டறை வாசலுக்கே இழுத்துவந்து கூட்டம் கூட்டினார். "மாசாமாசம் ஆயில் மாத்தறேன், மறுபடியும் கியர் போச்சு! உடையாத கியரா குடு புள்ள. இல்லாட்டி நீ பட்டறை வெச்சிருக்கற சங்கத்து ஷெட்டை நாளைக்கே காலி பண்ணு."

பட்டறைக்காரி பவளக்கொடி பெருமூச்சு விட்டாள். "செய்யறனுங்க. பழைய கியர் ஊறின ஆயில்லயே புதுசை ஊறப் போடோணும். ஒரு டம்ளர் புடிச்சுக் குடுங்க."

தலைவர் கெத்தாக கியர்பாக்ஸின் அடியில் ஆயில் வடிக்கும் திருகைக் கழற்றச் சொன்னார். ஒரு சொட்டு விழவில்லை. டம்ளரில் இரும்புத்தூள்தான் உதிர்ந்தது. கூட்டம் சிரித்தது.

"பட்டினியா ஒழைச்ச கியருங்க அது," என்றாள் பவளக்கொடி. "ஒடஞ்சதுக்குத் திட்டாதீங்க. இத்தன நாள் ஓடுனதுக்கு மாலை போடுங்க."