கை நீட்டாத வீடு

இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயம்தான். போன கிறிஸ்துமஸ் பந்தியில் இதைச் சொல்லப்போய், எங்கள் ஊரில் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆகையால் கடைசிவரை கேளுங்கள். நடுவில் கட்சி கட்டாதீர்கள்.

எங்கள் பக்கத்து நாசரேத் ஊருக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற இடத்தில், ரத்னபாய் டீச்சர் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். கல்யாணம் ஆகாதவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தன் சொந்த வீட்டையே கொடுத்து, 'யெகோவாயீரே இல்லம்' என்று பெயர் வைத்தார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம். அதோடு விட்டிருந்தால் நமக்குக் கதையே கிடையாது. திறப்பு விழா அன்று, ஒரு பிள்ளைகூட வந்து சேருவதற்கு முன்பு, சபையார் எல்லாருக்கும் எதிரில் அவர் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்து ஒரு பொருத்தனை பண்ணினார்.

"இந்த வீட்டுக்காக நாங்கள் எந்த மனுஷனிடமும் வாய் திறந்து கேட்கமாட்டோம். கர்த்தர் யார் மனதைத் தொட்டு அனுப்புகிறாரோ, அவர்கள் கொடுத்தால் வாங்குவோம். என்றைக்கு நாங்களாகக் கை நீட்டுகிறோமோ, அன்றைக்கு இந்தக் கதவைப் பூட்டிவிடுவோம்."

கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைப்பதற்கென்ன, கைக்குட்டை இருந்தால் போதும்.

ஆனால் பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு, சொன்னபடியே உதவியும் வரத்தான் செய்தது. ஒருநாள் முன்பின் தெரியாத லாரிக்காரர் ஒருவர் வாழைத்தாரை வாசலில் இறக்கிவைத்து, "ஏன்னு தெரியல டீச்சர், மனசுல பட்டுது" என்றார். டீச்சர் அதை ஆலயத்தில் சாட்சியாகச் சொன்னார். "அவர் மனதில் பட வைத்தது யார்?" என்று கேட்டார். சபை ஆமென் என்றது.

பிறகு ஐப்பசி அடைமழை வந்தது. ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அரிசி டிரம்மைத் தட்டித் துடைத்தாயிற்று. அந்தச் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வெறும் கடுங்காப்பிதான். அவர்களில் ஜெபக்கனி என்ற சின்னப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் கக்கிவிடுவாள். காலை மாத்திரை அப்படித்தான் வீணாகப் போனது.

மத்தியானமும் ஆயிற்று. டீச்சர் முந்தின நாளே தன் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டவர், தள்ளாடிக்கொண்டே ஜெப அறைக்குப் போனார். "நான் எழுந்து வருகிறவரை ஒருவரும் வாசலைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு முழங்காலில் நின்றார்.

சமையல் செய்கிற தங்கப்புஷ்பம் ஜெபக்கனியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உதட்டோரம் இழுக்க ஆரம்பித்தது. ஐயோ, அதற்குப் பிறகு அவளுக்கு எந்தப் பொருத்தனையும் ஞாபகம் இல்லை. பிள்ளையை இல்லத்து மூத்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மழையோடு ஓடி, எதிரே இருக்கும் ஞானாபரணத்தின் அரிசிக் கடையில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் அரிசி தாங்க. பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கணும்."

அவர் மறுபேச்சில்லாமல் அளந்து போட்டார். போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "காலையிலேயே பாத்தேம்மா, உங்க அடுப்புல புகை இல்ல. மனசு கேக்கல. அரிசிப் பையைத் தூக்கிக்கிட்டு உங்க வாசல் வரைக்கும் வந்துட்டேன். அப்புறம், கர்த்தர் டீச்சரைச் சோதிக்காரு, நடுவுல நாம எதுக்குன்னு திரும்பிட்டேன்."

கஞ்சி வெந்தது. இழுப்பு விட்டதும் ஜெபக்கனி குடித்தாள், மாத்திரை உள்ளே தங்கியது, தூங்கிப்போனாள். கஞ்சி வாசனைக்கு எழுந்து வந்த டீச்சர், "ஸ்தோத்திரம்! கேட்டதும் அனுப்பிவிட்டாரே!" என்று அழுதார்.

தங்கப்புஷ்பம் பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. "அனுப்பல டீச்சர். நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

டீச்சரின் அழுகை நின்றது. "இந்த வீடு எதன்மேல் நிற்கிறது என்று உனக்குத் தெரியாதா? நாளைக்கு நான் சபைக்கு என்ன சொல்வேன்?"

"என்னைப் போகச் சொல்லுங்க, போயிடுதேன். ஆனா அவ வாய் கோணினப்ப என் மனசுல வேற ஒண்ணுமே படல."

சாயங்காலம் ஞானாபரணம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நானாக் கொண்டுவந்து கொடுத்ததா இருக்கட்டும் டீச்சர். செத்தாலும் நான் வெளியே சொல்லமாட்டேன்."

விடிந்தால் ஞாயிறு. உண்மையைச் சொன்னால் வாக்குப்படி கதவைப் பூட்ட வேண்டும், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போவார்கள். ஜெபக்கனி, தன்னை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போன சித்தப்பாவிடமே போக வேண்டும். மறைத்தாலோ, கர்த்தர் பேரில் கட்டின வீட்டுக்குப் பொய்தான் அஸ்திவாரம்.

சொல்லுங்கள் பார்ப்போம். கடைசிவரை கேட்காத டீச்சர், ஓடிப்போய்க் கேட்ட தங்கப்புஷ்பம், கேட்டபிறகு கொடுத்த ஞானாபரணம், இந்த மூவரில் யார் செய்தது சரி? பொருத்தனை முறிந்ததா, இல்லையா?

என் பதில் இது. தங்கப்புஷ்பம் செய்ததுதான் சரி, பொருத்தனையும் முறியவில்லை. டீச்சரின் ஜெபத்துக்குக் காலையிலேயே பதில் வந்துவிட்டது. மனதில் பட்டு, அரிசிப் பையோடு வாசல் வரைக்கும் நடந்தும் வந்தது. அதைத் திருப்பிக்கொண்டு போனது ஞானாபரணம். தங்கப்புஷ்பம் போய் எடுத்து வந்தாள், அவ்வளவுதான். டீச்சர் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: பொருத்தனை பண்ணினவர் தன் வயிற்றைக் காயப்போடலாம், அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்தே இராத பிள்ளையின் வயிற்றை அல்ல. ஆனால் பொய் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை பாருங்கள், அதற்காக அவரைக் கும்பிடுகிறேன். மறுநாள் ஆலயத்தில் எழுந்து நின்று, "கை நீட்டினோம், பூட்டுங்கள்" என்று பூட்டையும் சாவியையும் மேசைமேல் வைத்தார். பூட்ட ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ஞானாபரணம்தான் போய் அந்தப் பூட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். வாசல்வரைக்கும் வந்து திரும்பிப் போனவன் நான்" என்றார். இல்லத்துக் கதவு இப்போதும் திறந்துதான் இருக்கிறது.