எந்தப் பக்கம் நிற்பது?

கானலூர் அரண்மனையில் கல்வெட்டும் இருந்தது, கணினியும் இருந்தது. அது எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜா இருந்தார், மந்திரி இருந்தார், மந்திரிக்கு ஒரு மைத்துனரும் இருந்தார். கதைக்கு இது போதாதா?

ஏரி மதகைத் திறப்பதிலிருந்து அரண்மனை மடைப்பள்ளிக்கு அரிசி அளப்பது வரை எல்லாமே கட்டற்ற மென்பொருளில்தான் ஓடியது. அதை எழுதிய குழுவினர் கோட்டைக்குள் காலியாகக் கிடந்த யானைக் கொட்டாரத்தில் குடியிருந்தார்கள். எழுதியதைப் பூட்டி வைக்க மாட்டார்கள். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். காசு கேட்பதில்லை. நிதி மந்திரி அம்பலவாணருக்கு இதுதான் உறுத்தல். அவருடைய மைத்துனர் பூட்டுப் போட்ட மென்பொருள் விற்பவர். பக்கத்திலேயே ஒருவன் சும்மா கொடுத்தால் இவரிடம் யார் வாங்குவார்கள்?

ஒருநாள் மந்திரி ராஜாவின் காதைக் கடித்தார்.

“மகாராஜா, கூலி கேட்காமல் வேலை செய்கிறவனை நம்பலாமா? எல்லாம் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். இன்றைக்கு மென்பொருள் பொது. நாளைக்குச் சிம்மாசனம்?”

ராஜா செருவிளங்கோன் சிம்மாசனத்தின் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவையில் சாதுர்யத்துக்குப் பேர்போனவள் நப்பின்னை. அவள் குறுக்கிட்டாள். “அப்படியெல்லாம் இல்லை, மந்திரியாரே. அங்கே பாதிப்பேர் பழுதுபார்த்துக் கூலி வாங்கும் வியாபாரிகள். சந்தையில் ராஜாவே தலையிடக் கூடாது என்று பேசுகிறவர்களும் உண்டு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கேட்டீர்களா மகாராஜா?” என்றார் மந்திரி. “இத்தனை வருடம் வரி கட்டினார்களா?”

அன்றே ஒரு விதி எழுதினார் மந்திரி. வரும் வெள்ளிக்கிழமை குழுவைச் சேர்ந்த ஒவ்வொருவரும் அவையில் தம் கொள்கையைச் சொல்லி நிற்க வேண்டும். பொதுவுடைமை என்பவர் இடப்பக்கம். அவர் சிம்மாசனத்துக்குப் பகைவர், சிறை. சந்தை என்பவர் வலப்பக்கம். அவர் பழைய வரி முழுவதும் கட்ட வேண்டும். நடுவில் நின்றால் கொள்கை இல்லாதவர், நாடு கடத்தல். பரிந்து பேசிய நப்பின்னைக்கும் அதே கதி. ராஜா யோசித்துப் பார்க்காமலே முத்திரை வைத்தார்.

நப்பின்னை விதியின் படியை எடுத்துக்கொண்டு கொட்டாரத்துக்கு ஓடினாள்.

“எல்லாரும் ஒரே குரலில் ஏதாவது சொல்லுங்கள். அதை வைத்து நான் வாதாடிப் பார்க்கிறேன்.”

“ஒரே குரல்தானே?” என்றாள் மாசாத்தி. “அறிவு என்ன அப்பன் வீட்டுச் சொத்தா? எல்லாம் பொது என்று சொல்வோம்.”

“பொதுவும் வேண்டாம், புளியும் வேண்டாம் அக்கா,” என்றான் கீரன். “என்னை யாரும் கட்டுப்படுத்தக் கூடாது. ராஜாவும் கூடாது, நீங்களும் கூடாது. அதுதான் கொள்கை.”

“எதற்கு இந்த அரசியல்?” என்றார் ஆதன். “நன்றாக ஓடுகிறதா, அது போதும்.”

“அதுவும் அரசியல்தான்,” என்றார்கள் மாசாத்தியும் கீரனும். அந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்கு ஒற்றுமை.

குழு மூன்றாகப் பிரிந்தது. மூன்றாவது பிரிவு, தனக்கு என்ன பெயர் வைப்பது என்ற சண்டையில் நான்காக உடைந்தது. நப்பின்னை தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஊரை விட்டுப் போக என்னென்ன மூட்டை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

அப்போது ஆதன் விதியை எடுத்துப் படித்தார். “இது தப்பாக எழுதியிருக்கிறதே. இடப்பக்கம் என்றால் யாருக்கு இடம்? ராஜாவுக்கா, எதிரே நிற்பவருக்கா?”

சண்டை பட்டென்று நின்றது. “எங்கே, காட்டுங்கள்,” என்று எல்லாத் தலைகளும் அந்த ஓலையின் மேல் கவிந்தன. தங்களைச் சிறைக்கு அனுப்பப்போகும் விதி அது என்பதே யாருக்கும் நினைவில்லை. பிழையைக் கண்டுவிட்டார்கள், இனித் திருத்தாமல் சோறு இறங்காது.

நப்பின்னை அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை அவை கூடியது. சுவரில் பெரிய திரை. அதில் மந்திரியின் விதி, திருத்தங்களோடு.

“என் எழுத்தில் யார் கை வைத்தது?” என்றார் அம்பலவாணர்.

“பிழை இருந்ததாம்,” என்றாள் நப்பின்னை. “எதிரே நிற்பவருக்கு இடப்பக்கம் என்று திருத்தியிருக்கிறார்கள்.”

“மடத்தனம். ராஜா இருக்கும் அவையில் ராஜாவை வைத்துத்தான் திசை. இதுகூடத் தெரியாதா?”

“எங்களுக்கு எங்கே தெரியும்? நீங்களே திருத்திக் காட்டுங்களேன்.” விசைப்பலகையை அவர் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

தன் எழுத்தில் அயலான் கை பட்டதை மந்திரியால் பொறுக்க முடியவில்லை. படபடவென்று தட்டினார். “எதிரே நிற்பவருக்கு” போய் “அரசருக்கு” வந்தது.

குழு திரையை உற்றுப் பார்த்தது. மாசாத்தி தலையசைத்தாள். ஒரு காற்புள்ளிக்காக வாதாடிவிட்டுக் கீரனும் தலையசைத்தான்.

“நல்ல திருத்தம். ஏற்றுக்கொண்டோம்,” என்றார் ஆதன். “வாருங்கள் ஐயா. எங்களிடம் சந்தாவும் இல்லை, தீட்சையும் இல்லை. யாருடைய திருத்தம் ஏற்கப்படுகிறதோ அவர் எங்களில் ஒருவர். அதுதான் வழக்கம்.”

குழு கைதட்டியது. மந்திரியின் முகம் சுருங்கியது.

நப்பின்னை ராஜாவை வணங்கினாள். “மகாராஜா, குழுவைச் சேர்ந்த ஒவ்வொருவரும் பக்கம் சொல்ல வேண்டும் என்பது விதி. புதிதாகச் சேர்ந்தவர் முதலில் நிற்கட்டுமே.”

மந்திரி இடப்பக்கம் பார்த்தார். அங்கே சிறைக் காவலன் நின்றான். வலப்பக்கம் பார்த்தார். வரி அதிகாரி. நடுவில் நிற்கலாமென்று தூக்கிய காலைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

“மகாராஜா, இந்த விதியே தவறு,” என்றார்.

“அதையும் ஒரு திருத்தமாகப் போட்டுவிடுங்கள் ஐயா,” என்றான் கீரன்.

மந்திரி விதி முழுவதையும் அழித்தார். குழுவில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அவர்கள் வரலாற்றிலேயே விவாதமின்றி ஏற்கப்பட்ட திருத்தம் அது ஒன்றுதான்.

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். “நப்பின்னை, இவர்களுக்கு ஒரு பொற்கிழி கொடு.”

“ஐயோ, வேண்டாம் மகாராஜா. எப்படிப் பங்கிடுவது என்று ஆளுக்கொரு பொருளாதாரம் பேசுவார்கள். அது முடிவதற்குள் ஏரி வற்றிவிடும். வேறு ஏதாவது பிழை இருந்தால் கொடுங்கள், சந்தோஷப்படுவார்கள்.”

“பிழைக்கா பஞ்சம்?” என்றார் ராஜா. “நம் அம்பலவாணர் இதுவரை எழுதிய சட்டங்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொட்டாரத்துக்கு அனுப்பு.”