கைதட்டு வாங்கிய சீனம்

"இன்னும் ஒரு நூறு வேணும், அம்மா," என்றார் சாத்தப்பன்.

"எதுல நூறு?"

"உங்க பெரியவங்க நாலெழுத்துல சொல்லி வச்ச பழைய வாக்குல. முந்நூறு தெரியும். போதல."

பான் அம்மாள் அந்தச் சீனத் துறைமுகத்தில் மாலுமிகளின் மனைவிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள். சாத்தப்பனுக்குச் சீனம் சொல்லித் தந்தவளும் அவள்தான். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவள் முன்னால் அவர் உட்கார மாட்டார். நின்றுகொண்டேதான் படிப்பார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். இருபது வருடமாக அவள் இருக்கும் அதே தெருவில் மிளகும் கடுகும் வறுத்துப் பொடித்து விற்கிறார். இப்போது தெருக்காரர்கள் கடையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அயல்நாட்டார் கடையெல்லாம் கோட்டைச் சுவருக்கு வெளியே போக வேண்டுமாம். நாளைக் காலை கூட்டத்தில் முடிவு.

"போன கூட்டத்துலயே பேசினீங்களே?"

"பேசினேன். ஒன்பது வாக்கு சொன்னேன். ஒரு எழுத்து பிசகல."

"என்ன சொன்னாங்க?"

சாத்தப்பன் முகம் மலர்ந்தது. "கை தட்டினாங்க. எங்க பிள்ளைங்களுக்கே இவ்வளவு தெரியாதுன்னு தெருத் தலைவர் வூ சொன்னார். அவர் கையாலயே தேநீர் ஊத்திக் கொடுத்தார்."

"கடையைப் பத்தி?"

முகம் சுருங்கியது.

"அதைப் பத்தி யாரும் வாயே திறக்கல. அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க."

பாராட்டுக்கு மயங்காத ஆள் யார்? நம்மவரும் மயங்கினார். தெளிவதற்குப் பத்து நாள் ஆயிற்று.

"ஒண்ணு சொல்லுங்க, கேட்போம்," என்றாள் பான் அம்மாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மலையையும் நதியையும் நான்கே எழுத்தில் அடக்கிய ஒரு வாக்கைச் சொன்னார்.

அவள் கை தட்டினாள்.

இன்னொன்று சொன்னார். ஏதோ ஒரு பழைய அரசர் காலத்தது. அதற்கும் தட்டினாள்.

மூன்றாவதற்கு அவர் வாயைத் திறக்கும் முன்பே தட்டினாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா விளையாட்டு இது? கடை போகப் போகுது. என் பெண்டாட்டி கடைசி மூச்சு விட்டது அந்தக் கடையோட பின்கட்டுல. நான் போக மாட்டேன்!"

கோபத்தில் சீன உச்சரிப்பு கோணல்மாணலாக வந்தது. குரல் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது.

பான் அம்மாளின் கைகள் அசையாமல் மடியில் கிடந்தன.

"இதை நாளைக்குச் சொல்லுங்க."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"நீங்களும் அந்தத் தெருதானே. எனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

அவள் தூரிகையை மையில் தோய்த்து, பாதியில் விட்ட கடிதத்தைத் தொடர்ந்தாள்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது.

"நம்ம சாத்தப்பன் இன்னைக்கு என்ன முத்து உதிர்க்கப் போறாரோ!" என்று தலைவர் வூ வரவேற்றார். எல்லார் முகத்திலும் புன்னகை.

சாத்தப்பன் எழுந்தார். முந்நூறு வாக்கும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கினார்.

"அது என் கடை. இருபது வருஷமா இருக்கேன். நான் போக மாட்டேன். ஏன் போகணும்? சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பான் அம்மாள் எழுந்தாள்.

"அடேயப்பா, என்ன அழகான சீனம்!" என்று கை தட்டினாள்.

தெரு முழுக்க அவளோடு சேர்ந்து தட்டியது. வூ தேநீர்க் கெண்டியைத் தூக்கினார்.

குருவே காலை வாரிவிட்டாளே என்று நினைத்தார் சாத்தப்பன். தன் கோப்பையை உள்ளங்கையால் மூடினார்.

"நிறுத்துங்க! என் சீனம் மோசம். அது எனக்கே தெரியும். அம்மா, நான் பாராட்டு கேட்கல, பதில் கேட்டேன். சொல்லிட்டு உட்காருங்க!"

அந்தத் தெருவில் அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கைதட்டல் நின்றது.

அவள் உட்காரவில்லை.

"பதில்தானே? கேட்டுக்குங்க. நீங்க கடுகு வறுக்கிற புகை நேரா என் ஜன்னலுக்குத்தான் வருது. கண்ணுல தண்ணி கொட்டி, எழுதின கடிதமெல்லாம் மை கலைஞ்சு போகுது. பத்து வருஷமா!"

"பத்து வருஷமா ஏன் சொல்லல?"

"விருந்தாளிகிட்ட எவ சண்டை போடுவா?"

அவ்வளவுதான், மடை திறந்தது.

"காயப் போட்ட துணியெல்லாம் மிளகு நெடி!" என்று சாயக்காரர் எழுந்தார்.

"மூட்டை ஏத்தி வர்ற உன் கழுதை என் வாசல்லதான் நிக்குது!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"என் பேத்தி நாள் முழுக்கத் தும்முறா!" என்று வூவே கத்தினார்.

"தும்மலுக்கு என்கிட்டதானே மிளகு வாங்கிட்டுப் போனீங்க?" என்று சாத்தப்பன் திருப்பிக் கத்தினார். ஒருவரையும் விடவில்லை. ஒரு வாக்கியம்கூட உருப்படியாக வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது வூவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேசையில் ஓங்கி அடித்தார்.

"யோவ் சாத்தப்பா! நாளைக்கே உன் புகைபோக்கியை மூணு அடி உயர்த்து!"

சுவருக்கு வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை.

சாத்தப்பன் பான் அம்மாளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவரை முறைத்தாள்.

"முடியாது," என்றார் சாத்தப்பன். "ரெண்டு அடி."