முக்கண் ஸ்டுடியோவின் மூன்றாவது காவல்காரன்

ஊசிப்பாறை என்கிற ஊரை மேப்பில் தேட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, விசாரித்துக்கொண்டுதான் திரும்பி நடந்து வருவார்கள்.

அங்கே முக்கண் போட்டோ ஸ்டுடியோ என்று ஒன்று இருக்கிறது. மூன்று பங்காளிகள் சேர்ந்து நடத்துகிறார்கள். மூத்தவர் தவசி, முடிவு எடுப்பவர். நடுவில் உள்ளவர் ஒண்டிவீரன், எடுத்த முடிவுக்குத் தலையாட்டுபவர். இளையவன் பிச்சுமணிக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்ட வரும் என்பதால் கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு. மூன்று பேருக்கும் தொழில் பக்தி அதிகம். தாலி கட்டும் நேரத்தில் மணமேடையைச் சுற்றி மதில் மாதிரி நின்றுகொள்வார்கள். சாப்பாட்டுக்கு வந்த சனம் மூன்று முதுகுகளைப் பார்த்து அட்சதை போட்டுவிட்டுப் பந்திக்குப் போகும்.

செண்பகவல்லியின் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை பால்துரைக்கு மஸ்கட்டில் வேலை. லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும். சனி, ஞாயிறு பதிவு ஆபீஸ் கிடையாது, அதனால் வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்தால்தான் பின்னாலேயே அவளுக்கு விசா. பதிவு ஆபீசில் தாலி கட்டும் படம் கேட்டார்கள். சொந்தக்காரர்களின் செல்போனையெல்லாம் வாங்கித் தேடிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தவசியின் முதுகு வெகு தெளிவாக விழுந்திருந்தது. ஆக, அவள் தாலி கட்டிக்கொண்டதற்கான ஒரே அத்தாட்சி முக்கண் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அவள் போய்க் கேட்டபோது கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்தது. கண்டவர்கள் கொண்டுவந்த பென்டிரைவையெல்லாம் செருகிச் செருகி அதற்குச் சீக்கு வந்திருந்தது. டவுனிலிருந்து மெக்கானிக் ஜெபராஜை வரவழைத்தார்கள்.

ஜெபராஜ் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பாருங்க அண்ணாச்சி, பச்சைக் கேடயம் போட்டிருக்கே, இது உங்க பழைய ஆன்டிவைரஸ். இது எப்பவும் காவல் நிக்கும். இதோட கண்ணுக்குத் தப்பினதப் பிடிக்க இன்னொண்ணு போட்டிருக்கேன், ஊதாக் கேடயம். இது சும்மா கிடக்கும். சந்தேகம் வந்தா மட்டும் எழுப்பி ஒருக்கா பாக்கச் சொல்லுங்க, பாத்து முடிச்சதும் படுக்கப் போட்டுருங்க. ரெண்டையும் சேத்து காவலுக்கு விட்டுராதிய, ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கிடும்."

"வெளங்கிட்டு," என்றார் தவசி. ஜெபராஜ் நம்பிப் போய்விட்டான். பாவம், வயசு கம்மி.

அவன் தலை மறைந்ததும் தவசி கேட்டார்: "ஏலே, ஊதா நம்ம கடைக்கு விருந்தாளியா வந்திருக்கான். பச்சைய மட்டும் வேலைக்கு வச்சிக்கிட்டு, இவன மூலைல படுக்கப் போடுறது மரியாதையா?"

"மரியாதை இல்லண்ணே," என்றார் ஒண்டிவீரன்.

"நாள பின்ன நம்மளப் பத்தி வெளிய என்ன பேசுவான்?"

"ஓரவஞ்சனை பண்ணுதானுவன்னு பேசுவான்ணே."

பிச்சுமணி ஊதாவையும் நிரந்தரக் காவலில் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு படத்தைத் திறந்தால் பச்சை சோதிக்கும். பச்சை தொட்ட படம் என்பதால் ஊதா சோதிக்கும். ஊதா தொட்டுவிட்டதே என்று பச்சை மறுபடியும் சோதிக்கும். மூன்று பேரும் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் தெரிந்திருக்கும். இன்னொரு டீ குடித்தால் நெற்றி. "என்ன பொறுப்பு பாத்தியா!" என்று தவசி மெச்சிக்கொண்டார். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. படத்தில் மாப்பிள்ளைக்கு இன்னும் மூக்கு வரவில்லை.

ஒருநாள் திரையில் இரண்டு பெட்டிகள் முளைத்தன. பிச்சுமணி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அண்ணே, உள்ள ஒரு ஆபத்தான ஆள் ஒளிஞ்சிருக்கான், வெளிய அனுப்பட்டுமான்னு பச்சை கேக்கு."

"யார்ல அந்த ஆள்?"

"ஊதாவாம்."

"ஊதா என்ன சொல்லுதான்?"

"அதையேதான் சொல்லுதான். ஆள் பச்சையாம்."

தவசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோள் துண்டைச் சரிசெய்தார். ஊசிப்பாறையில் ஒரு மனுஷன் துண்டைச் சரிசெய்தால் பஞ்சாயத்து கூடிவிட்டது என்று அர்த்தம். "ஒரு தரப்பு பேச்சக் கேட்டு ஒருத்தன வெளியேத்தக் கூடாது. ரெண்டு பேரும் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். எவன் அணைக்கானோ அவன் உத்தமன்."

"எங்கண்ணே கொளுத்த?"

"அவனுவ கைக்கு எட்டுற மாதிரி கொளுத்துல."

கீபோர்டில் இருந்ததிலேயே நீளமான கட்டையாகப் பார்த்து பிச்சுமணி கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினான். மூவரும் கை கட்டி நின்றார்கள். பச்சை அசையவில்லை. ஊதாவும் அசையவில்லை. நீளக் கட்டை உருகியது. பக்கத்து எழுத்துகளும் உருகின. கடையெல்லாம் பிளாஸ்டிக் புகை. ஒண்டிவீரன் பக்தியோடு இருமினார்.

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்ததும் தவசி தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பேருமே கை வைக்கல. அப்ப ரெண்டு பேருமே பொய்யனுவ. ரெண்டு பேரையும் வெளியேத்து."

உருகிய கீபோர்டுக்கு வைத்தியம் கேட்டு ஜெபராஜுக்கு போன் போட்டார்கள். முழுக்கதையையும் கேட்டான். அன்றைக்குப் பிறகு அவன் இவர்கள் போனை எடுப்பதேயில்லை.

பச்சையும் ஊதாவும் போனதும் கம்ப்யூட்டர் குதிரையாகப் பாய்ந்தது. மாப்பிள்ளைக்கு மூக்கு, மீசை எல்லாம் ஒரே நொடியில் வந்தது. அந்த நிமிஷமே பிரிண்ட் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பிச்சுமணி போடத்தான் போனான். தவசி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காவலுக்கு ஆளில்லாத வீட்டுல எவனாவது பீரோவத் தொறப்பானா? மொதல்ல காவலுக்கு ஆளப் பாரு."

ஆள் தானாகவே வந்தான். யாரோ சடங்கு வீட்டு பேனருக்காக ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து தந்தார்கள். செருகினார்கள். திரை இருண்டது. நடுவில் பெரிய சிவப்புப் பூட்டு ஒன்று தோன்றியது. கீழே என்னவோ எழுதியிருந்தது. பிச்சுமணி செல்போனில் மொழிபெயர்த்துப் படித்தான்.

"'உங்கள் கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம். எங்களைத் தவிர உலகத்தில் யாராலும் திறக்க முடியாது.'"

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பச்ச இத்தன வருசம் இருந்தானே, ஒருநாளாவது ஒரு பூட்டு போட்டிருப்பானா?"

"போட்டதில்லண்ணே."

"ஊதா?"

"சண்டதான் போட்டான்ணே."

"இவன் வந்ததும் வராததுமா பூட்டிட்டான் பாத்தியா! அடுத்தவனப் பத்தி ஒரு வார்த்த கோள் சொன்னானா? இவன் காவல்காரன்!"

"சம்பளம் கேக்கான்ணே. டாலர்ல."

"கேக்கட்டும். ஒரு மாசம் வேலையப் பாத்துட்டுத் தருவோம்."

மறுநாள் காலை செண்பகவல்லியும் பால்துரையும் வந்தார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தவசி இருவரையும் திரைக்கு முன்னால் நிறுத்தி, புதுமனை புகுவிழாவில் வீட்டைக் காட்டுகிற முகத்தோடு பூட்டைக் காட்டினார்.

"எங்க கல்யாண போட்டோ எங்க அண்ணாச்சி?" என்றாள் செண்பகவல்லி.

"உள்ளதான் தாயி. அவ்வளவு பத்திரம். எங்களாலயே பாக்க முடியாது."

"தொறங்க."

"தொறக்க முடிஞ்சா அதுக்குப் பேரு பூட்டா தாயி?"

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பால்துரை தவசியின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்தான். ஒண்டிவீரன் பிச்சுமணியிடம், "ஏலே, மாப்ள அண்ணனப் பாராட்டுதாருலே," என்றார்.

ஆனால் செண்பகவல்லி கெட்டிக்காரி. அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவர விடுங்க. ஆபீசு மூட இன்னும் நேரம் இருக்கு. நான் போய் கூறப்புடவையக் கட்டிக்கிட்டு வாரேன். நீங்க பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு வாங்க. அம்மன் கோயில்ல வச்சு மறுபடி தாலியக் கட்டுங்க. படம் எடுப்போம்."

மூன்று பங்காளிகளும் கேமராவோடு கூட வர, கோயிலுக்குப் போனார்கள். பூசாரி மாலை தந்தார். வளையல் கடைக்காரர் கொட்டுக்குப் பதிலாக ஒரு தகரத்தைத் தட்டினார். பால்துரை மறுபடியும் தாலி கட்டினான். செண்பகவல்லி முதல் தடவையைவிட நன்றாகச் சிரித்தாள். பூக்காரி எட்டி எட்டிப் பார்த்தாள், அவளுக்கு மூன்று முதுகுகள்தான் தெரிந்தன. படம் அருமையாக வந்திருப்பதாக கேமராவில் பார்த்து பால்துரையே சொன்னான். பதிவு ஆபீசுக்குப் போக ஆட்டோ வாசலில் வந்து நின்றது. டவுனில் ஏதாவது கடையில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

மாலையைக் கழற்றி அம்மனுக்குப் போடப் போகும்போது செண்பகவல்லி திரும்பி, கேமராவை வைத்திருந்த தவசியிடம் கும்பிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, இந்தப் படமாவது பத்திரமா இருக்கணும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தவசிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கும்பிட்டுக் கேட்டுவிட்டாளே!

புருஷனும் பெண்டாட்டியும் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மூன்று பேரையும் காணவில்லை. ஸ்டுடியோவுக்கு ஓடினார்கள், ஆட்டோவும் பின்னாலேயே வந்தது. உள்ளே பிச்சுமணி கேமராவின் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி முடித்திருந்தான். புதுப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னச் சிவப்புப் பூட்டு விழுந்தது. ஒண்டிவீரன் ஒவ்வொரு பூட்டுக்கும் கைதட்டினார். கடைசியாகத் தாலி கட்டும் படம் வந்தது, அதுவும் மறைந்தது.

"பாத்தியா தாயி," என்றார் தவசி. "ரெண்டு கல்யாணமும் பத்திரம்."

பால்துரை வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அவர்கள் முகம் வாடியதைப் பார்த்த தவசி, சுவரில் தொங்கிய தினக்காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டினார். தாள்களைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"கவலப்படாத தாயி. நாளைக்கும் முகூர்த்தம் இருக்கு."