காற்றைத் திருப்பிய கம்ப்யூட்டர்

அனல்மின் நிலையம் கட்ட வந்த மேனேஜர் ஞானசிகாமணிக்குத் திமிர் கொஞ்சநஞ்சமா? புகை எந்த ஊர்மேல் படியும் என்று கம்ப்யூட்டரில் கணித்துக் காட்டும் தற்காலிக ஊழியர் அமுதவல்லியையே மிரட்டினார்.

“படத்துல கீழமுந்தல் ஊர் மேல புகை விழுந்தா உனக்கு வேலை இருக்காது. காத்தைத் திருப்பி விடு!”

“சரி சார்.”

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கலெக்டர் முன்னால் திரையில் படம் ஓடியது. கரும்புகை கீழமுந்தலை விட்டு விலகி, நேராக மேனேஜர் பங்களாமேல் போய்க் கவிந்தது.

“பொய்! என் வீட்டுப் பக்கம் காத்து ஒருநாளும் அடிக்காது!” என்று குதித்தார் ஞானசிகாமணி.

“நீங்க சொன்னீங்கன்னுதான் திருப்பினேன் சார். புகை எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?” என்றாள் அமுதவல்லி. “நிஜத்துல எந்தப் பக்கம் அடிக்கும்னு நீங்களே சொல்லிடுங்க.”

“சொல்லுய்யா!” என்று கீழமுந்தலே எழுந்து நின்றது.